கோழிக்குத் தெளிக்கிற தண்ணீர்

எங்கள் ஊர் சேந்தமங்கலம் பக்கம். நூறு நாள் வேலைக்குப் போகிறேன். இப்போதெல்லாம் மாசியிலேயே சித்திரை வெயில் அடிக்கிறது. வேலை நேரம் மட்டும் மாறவில்லை. போன கோடையில் உச்சி வெயிலில் ஏரி வாய்க்கால் வெட்டும்போது, பக்கத்தில் நின்ற பழனியம்மாக்கா மண்வெட்டியோடு சாய்ந்துவிட்டார். குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் பிழைத்ததே பெரிது.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அதுவரை எட்டிப் பார்க்காத கிராம சபைக்குப் போனேன். எங்கள் ஊராட்சித் தலைவருக்குக் கோழிப்பண்ணை இருக்கிறது.

"ஏனுங்க தலைவரே, வெயில் ஏறினா உங்க கோழிக்கு மேல தண்ணி தெளிக்கிறீங்க. நாங்க கோழியை விடக் கேவலமுங்களா?" என்றேன்.

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்துவிட்டு, "உக்காரு சாமி, பண்ணிரலாம்" என்றார்.

"வேலை நேரத்தை மாத்தி, நிழலும் தண்ணியும் தர்றதாத் தீர்மானம் போட்டாத்தான் உக்காருவேனுங்க" என்றேன்.

அங்கேயே போட்டார்கள். இந்தக் கோடையில் விடிந்ததும் வேலையைத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடிக்கிறோம். வேலையிடத்தில் பச்சை வலைப் பந்தல் இருக்கிறது, குடிக்கத் தண்ணீரும் இருக்கிறது. ஒருவர்கூட மயங்கி விழவில்லை.

இப்போது ஒரு கிராம சபையையும் நான் விடுவதில்லை. "கோழிக்காரி வந்துட்டா, சேர் போடுங்க" என்று பழனியம்மாக்காதான் முதலில் கத்துவார். அவர் கத்துவதைக் கேட்கவே நான் போகிறேன்.