தாழ்ப்பாள் உள்ளே இருந்த அறை

ஒரு கண் மருத்துவமனையில், நோயாளிகள் காத்திருக்கும் நாற்காலிகளை எந்தப் பக்கம் பார்த்துப் போடுவது என்று தச்சரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. எஸ்தர் அக்காவின் வீட்டுக்காரர் டேனியல் அண்ணன். "அக்கா போயிட்டாங்கம்மா. தூக்கத்துலயே" என்றார். நான் தச்சரிடம், எதையும் தொடாதீர்கள் என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். பாவம், அவர் என்ன செய்வார்? எனக்குக் கோபம்தான் முதலில் வரும், அழுகை பிறகுதான் வரும்.

எஸ்தர் அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆரணியில் இன்டீரியர் டிசைனர் என்று போர்டு மாட்டியவர் அவர். சுவருக்கு என்ன கலர் அடிப்பது என்று சொல்ல ஒரு ஆளா என்று ஊர் சிரித்தது. அவர் கண்டுகொள்ளவில்லை. எந்த இடத்தில் வேலை எடுத்தாலும், அங்கே யார் அதிகம் பயந்துபோய் உட்காருவார்களோ அவர்களுடைய இடத்தில் போய் முதலில் உட்காருவார். அளவெடுப்பதெல்லாம் அப்புறம். "ரூம் அழகா இருக்குதான்னு பாக்காத. இங்க உக்காந்தா மூச்சு எப்டி வருதுன்னு பாரு" என்பார்.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு பட்டுக் கடையில். என் முகூர்த்தப் புடவை எடுக்கச் சந்தவாசலிலிருந்து வேன் வைத்துக்கொண்டு இரண்டு வீட்டாரும் வந்திருந்தோம். மாப்பிள்ளையாக வரவிருந்தவர் நிச்சயம் ஆனதிலிருந்தே என்னைப் போனில் மிரட்டிக்கொண்டிருந்தார். யாரோடு பேசினாய், ஏன் உடனே எடுக்கவில்லை, கல்யாணம் ஆகட்டும் வைத்துக்கொள்கிறேன் என்று. அம்மாவிடம் சொன்னேன். போகப் போகச் சரியாகிவிடும் என்றார். அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் என்னை வாயாடி என்பார்கள், ஆனால் இந்த ஒரு பேச்சு மட்டும் தொண்டையிலேயே நின்றுவிட்டது.

கடையில் வெள்ளை விரிப்பின் மேல் இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். நடுவில் நான். தலைக்கு மேல் கண் கூசும் விளக்குகள், நாலு பக்கமும் கண்ணாடி. ஒவ்வொரு புடவையாக என் தோளில் போட்டு எடுத்தார்கள். பிடித்திருக்கிறதா என்று ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. கடைசியில் ஓர் அரக்குப் புடவை மாமியார் மனதுக்குப் பிடித்துப்போக, கட்டிப் பார்த்து வா என்று அனுப்பினார்கள்.

கட்டிப் பார்க்கும் அந்த அறை அக்கா அமைத்தது. மற்ற கடைகளில் ஒரு திரை தொங்கும். இங்கே கனமான மரக்கதவு, உள்பக்கம் தாழ்ப்பாள். ஜன்னலில் பகல் வெளிச்சம். ஒரே கண்ணாடி, உட்கார ஒரு முக்காலி. கதவைச் சாத்தியதும் கடையின் இரைச்சல் நின்றது.

உள்ளே ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள், இதோ போய்விடுகிறேன் என்றார். போகாதீர்கள் என்றேன். தாழ்ப்பாளைப் போட்டேன். அவர்தான் எஸ்தர் அக்கா என்று அப்போது எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத அவரிடம், இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று முதன்முதலாக வாய் திறந்து சொன்னேன்.

வெளியே தட்டத் தொடங்கினார்கள். முதலில் அம்மா. பிறகு மாமியார். பிறகு மாப்பிள்ளையாக வரவிருந்த அந்த ஆள், காலால். "இன்னா பண்ணிகினு கீற உள்ள? தெறடீ!" கதவு கீலோடு அதிர்ந்தது. அக்கா தாழ்ப்பாளைக் காட்டினார். "இது உள்ளதான் இருக்குது. நீ தெறந்தாதான் தெறக்கும். யோசிச்சிக்கோ. நான் இங்கயே உக்காந்துகினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அவருக்கும் பயம்தான். கழுத்து நரம்பு துடித்ததை நான் பார்த்தேன்.

"வாம்மா, மானம் போவுது" என்று அப்பாவின் குரல் கேட்டதும் திறந்தேன். "வேணாம்பா. இந்தக் கல்யாணம் வேணாம்" என்றேன். ஏன், ஏன் என்று எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். அத்தனை பேர் முன்னால், அந்த வெளிச்சத்தில், காரணம் சொல்ல நாக்கு எழவில்லை. அப்பா போய் வேனில் ஏறினார். அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை. நான் இருக்கும் அறையில் உட்காரவும் மாட்டார்.

கடைக்காரர் அக்காவைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார். வியாபாரத்தைக் கெடுத்ததே அந்தக் கதவுதான், கழற்றிவிட்டுத் திரை போடு என்றார். என் கையால் கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார் அக்கா. அந்தக் கடை மட்டுமல்ல, அந்தத் தெருவே அவருக்கு வேலை தரவில்லை. என்னைத் தேடி வந்து, என்னோடு வேலைக்கு வருகிறாயா என்று கேட்டார். அன்றிலிருந்து அவர் கூடத்தான் இருந்தேன்.

வேலையில் எவ்வளவு பேஜாரானாலும் சிரிக்க வைப்பார். படுக்கையறையில் ஊதா விளக்கு கேட்ட அரிசி ஆலைக்காரரை, விளக்கைப் போட்டு அதன் கீழே படுக்கவே வைத்துவிட்டார். கல்யாண மண்டபத்தில் படுத்த மாதிரி இருக்கிறதே என்று மனிதர் தானே எழுந்து உட்கார்ந்துவிட்டார். என்னிடம் மட்டும் ஒரு விஷயத்தை விடாமல் சொல்வார். "ஒங்கப்பாகிட்ட சொல்லிடும்மா. இன்னா நடந்துச்சின்னே தெரியாம கோவமா இருக்காரு." பார்க்கலாம் அக்கா என்பேன்.

அடக்கத்துக்கு முன் சர்ச்சில் கூட்டம் நிரம்பியிருந்தது. கடைசி பெஞ்சில் அப்பாவும் அம்மாவும். அவர் வருவார் என்று நான் நினைக்கவே இல்லை. யாராவது இரண்டு வார்த்தை பேசலாம் என்றார் போதகர். எழுந்து போனேன். மைக்கின் முன்னே நின்று, புடவை எடுக்கப் போன நாளை ஒன்று விடாமல் சொன்னேன். போனில் அந்த ஆள் பேசியதையெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்த்தே சொன்னேன். அவர் முகம் இறுகியிருந்தது. பாதியில் எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். போகவில்லை.

பேசி முடித்து அந்தக் கடைசி பெஞ்சுக்கு நடந்தேன். அதில் இடமே இல்லை. அப்பா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அம்மாவை நெருக்கித் தள்ளி நகர்ந்தார். ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் கிடைத்தது.

உட்கார்ந்துவிட்டேன் அக்கா. நீங்கள் போய் வாருங்கள்.