என் நேர்ச்சையும் அவர் ரத்தத்தின் உப்பும்

அன்பானவர்களே, ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

குருத்து ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை. என் கணவர் ஆரோக்கியம் காலையில் எழுந்து வாந்தி எடுத்தார். என்னைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றார். இருபத்தோரு வருடமாக என் கையால் சாப்பிடுகிற மனுஷன். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். போகும் வழியிலேயே அவருக்கு வலிப்பு வந்தது.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னார்: "சோடியம் ரொம்பக் குறைஞ்சிருக்கும்மா. ரத்தத்துல இருக்கிற உப்பு. அது குறைஞ்சா மூளையில நீர் சேர்ந்து வீங்கும். சாப்பாட்டுல ஏதாவது மாத்தினீங்களா?"

"இல்லம்மா, எப்பவும் போலத்தான்" என்றேன்.

பொய்.

தவக்காலத்தில் கறி மீன் விடுவது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருடம் எனக்குப் பக்தி கொஞ்சம் தலைக்கேறிவிட்டது. கணவருடைய பிரஷர் இறங்க வேண்டும் என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு, தவக்காலம் தொடங்கிய விபூதிப் புதனிலிருந்து அடுப்படியில் உப்பையே நிறுத்திவிட்டேன். அவர் முனகினார். "நேர்ச்சைங்க" என்றேன், அடங்கிப்போனார். நேர்ச்சையை வெளியே சொன்னால் பலன் போய்விடும் என்று நானாகவே ஒரு சட்டமும் வைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் செபமாலையை எடுத்தேன். மாலையின் மூன்றாவது மணியைத் தாண்டி விரல் நகரவில்லை. "மாதாவே, எனக்குப் பலன் வேண்டாம், அவரைக் காப்பாற்றும். நான் என்ன செய்யணும்னு காட்டும்" என்று அழுதேன். உடனே நெஞ்சில் ஒரே அடி: சொல்லிவிடு. எழுந்து ஓடினேன். எல்லாவற்றையும் கொட்டினேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. என் கணவர் தட்டாஞ்சாவடியில் இரும்பு வார்க்கிற பட்டறையில் உலை முன்னால் நிற்பவர் என்பதையும் கேட்டுக்கொண்டார். "இப்பப் புரியுது. பிரஷருக்கு நீர் மாத்திரை வேற போடறாரு. அதுலயும் உப்பு போகும், வேர்வையிலயும் போகும். சாப்பாட்டுல வரல. தாகத்துக்கு வெறும் தண்ணியாவே குடிச்சிருக்காரு. மிச்சம் இருந்ததும் நீர்த்துப் போச்சு."

மாத்திரையை நிறுத்தினார்கள். தண்ணீரை அளந்து கொடுத்தார்கள். உப்பு டிரிப்ஸை மெல்ல மெல்லத்தான் ஏற்றினார்கள். அவசரப்பட்டு ஏற்றினால் மூளைக்கே ஆபத்தாம். ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும்போதும் நான் ஒரு அருள்நிறை மரியே சொன்னேன். சோடியம் எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது.

பெரிய வியாழன் காலை கண்ணைத் திறந்தார். "ரோஸி, பட்டறைக்கு லீவு சொன்னியா?" என்றார். என் பெயர்! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, நர்ஸ் என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

நான் கேட்டது அற்புதம். ஆண்டவர் கொடுத்தது உண்மை பேசுகிற வாய். அதுவே எனக்குப் போதுமான அற்புதமாகிவிட்டது. நேர்ச்சை வைக்கிறவர்கள் அவரவர் உடம்பின் மேல் வையுங்கள், அதையும் டாக்டரைக் கேட்டு வையுங்கள். மற்றதை ஆண்டவரிடம் விடுங்கள், அவர் கைவிட மாட்டார்.

உயிர்ப்பு ஞாயிறு பூசையில் அவர் என் பக்கத்தில் நின்று, சுதி சேராமல் உரக்கப் பாடினார். முன் வரிசைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நானும் சேர்ந்து பாடினேன்.