தலைகீழாகத் தொங்கிய காற்றுமானி

நான் ஒரு முட்டாள். காற்றை அளக்கும் கருவியைத் தலைகீழாகப் பூட்டிவிட்டு, அதனோடு செல்ஃபியும் எடுத்துக்கொண்டவன்!

சிரிக்கிறீர்களா... சிரியுங்கள். என் வேலையை மட்டும் இளக்காரமாக எண்ணிவிடாதீர்கள். கனடாவில், ஸ்காபரோவின் கிழக்கோரப் புல்வெளியில் எங்கள் ஆய்வுக் கம்பம் நிற்கிறது. காய்ந்த நிலம் எவ்வளவு வெப்பத்தை மேலே அனுப்புகிறது, ஓடும் காற்றை அது எவ்வளவு இழுத்துப் பிடிக்கிறது என்று காற்றின் ஒவ்வொரு சுழிப்பிலிருந்தும் கறந்தெடுக்கிற கருவி அதன் உச்சியில். ஏற்றியவன் நான்! திமிர் வராமல் என்ன செய்யும்?

அந்தக் கோடையில் கருவி வேறு கதை சொன்னது. நடுமதிய வெயிலில் வெப்பம் நிலத்துக்குள் இறங்குகிறதாம். நிலமே காற்றைப் பிடித்துத் தள்ளுகிறதாம்!

அந்த எண்களை நம்பி முனைவர் பட்ட ஆய்வு எழுதிக்கொண்டிருந்த தர்சினி என்னிடம் வந்தாள்.

“அண்ணை, கருவி தலைகீழாப் பூட்டுப்பட்டிருக்குமோ?”

“நான் பூட்டினதோ? பகிடி விடாதையும்! முதல்ல உம்மட கணக்கைப் பாரும்.”

பார்த்தாள், பாவம், வாரக்கணக்காக.

பிறகொருநாள், றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் மாமியாருக்குப் பெருமை காட்ட அந்த செல்ஃபியைத் தேடியெடுத்தேன். என் பல்வரிசைக்குப் பக்கத்தில், மேல்திசையைக் காட்டவேண்டிய கருவியின் அம்புக்குறி புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தது...

ஓடிப்போய்ச் சொன்னேனா? இல்லை! சத்தமில்லாமல் ஏறிக் கருவியைத் திருப்பினேன். சேமித்திருந்த பழைய எண்களுக்குள் ஒரு கழித்தல் குறியைச் செருகினேன். எல்லாம் நிமிர்ந்துவிட்டன. என்ன அழகான வளைகோடுகள்!

அடுத்த கூட்டத்தில் பேராசிரியர் என் முதுகில் தட்டினார். நான் திருத்தியது தெரியாத தர்சினியோ எழுந்து நின்று, இவ்வளவு நாளும் பிழை தன் கணக்கில்தான் இருந்திருக்கிறது என்று எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாள். அவளுக்கென்று வைத்திருந்த மாநாட்டுப் பயணம் அன்றே வேறொருவருக்குப் போயிற்று.

நான்? தலையைக் குனிந்து மட்டன் ரோல்ஸ் தின்றேன். வாயும் இருந்தது, வார்த்தையும் இருந்தது... ரோல்ஸும் இருந்ததே!

இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? அந்த வளைகோடுகளைப் பார்க்கும்போது இன்றைக்கும் என் நெஞ்சு நிமிர்கிறது. அருமையான அளவீடு! அதன் கோளாறை முதலில் மோப்பம் பிடித்தவள் அவள் என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

போன கிழமை, கடைகள் நிறைந்த பிளாசாவின் வாகனத் தரிப்பிடத்தில் அவளை மறித்து எல்லாவற்றையும் கொட்டினேன். கருவியைப்போலக் கழுத்தைச் சரித்து நடித்தும் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. கார்க் கதவைத் திறந்தாள்.

“இதைப் போய் புரொபெசரிட்டைச் சொல்லுங்கோ.”