மூன்றாவது வரியில் ஒரு மூச்சு

எங்கள் கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றின் மூன்றாவது வரியில், சுரங்களுக்கு மேலே ஒரு காற்புள்ளி இருக்கிறது. மூச்சு வாங்கும் இடம் என்று அர்த்தம். அங்கே யாருக்கும் மூச்சு முட்டாது, அந்தக் குறி தேவையே இல்லை. அதைப் போட்டவன் நான்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்களில், சிவாஜிநகர்ப் பக்கத்துத் தேவாலயத்தின் தமிழ்ப் பாடகர் குழுவில் இருந்தேன். குழுவை நடத்திய மாஸ்டர் புதிதாக எழுதிய நான்கு குரல் பாட்டுகள் பழைய கம்ப்யூட்டரில் இருந்தன. அவற்றைப் புது மென்பொருளுக்கு மாற்றித் தருவதாக, ஐ.டி.க்காரன் என்ற மிதப்பில், நானே வலியப்போய் ஏற்றுக்கொண்டேன். மாற்றியதும் ஓடவிட்டுக் கேட்டேன். ஒரு சுரம் பிசகவில்லை. சரிபார்த்தாயிற்று என்று மாஸ்டரிடம் சொல்லி, பழையதை அழித்து, கம்ப்யூட்டரையும் பழைய சாமான் கடையில் கொடுத்துவிட்டேன். மென்பொருள் மெட்டை வாசிக்கும், சொல்லைப் பாடாது என்பது என் மரமண்டைக்கு எட்டவில்லை. பிறகு திரையைப் பார்த்தால் வெறும் சுரங்கள். ஒரு சொல்கூட வந்து சேரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிரதி கொடுக்க வேண்டும். மாஸ்டரிடம் போனால் என் பொய் வெளிப்படும், அதற்குப்பின் அவர் என்னை எதற்கும் நம்பமாட்டார்.

ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடும் அக்காவிடம் போய் நின்றேன். ஈஜிபுராவில் குடியிருந்து கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போனவர். சுரக்குறிப்பு படிக்கத் தெரியாதவர் என்று நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன். படிக்கத் தெரியாததாலேயே, மாஸ்டர் பாடிக் கற்றுக்கொடுத்தபோது நான்கு குரலையும் காதால் கேட்டு மனத்தில் வைத்திருந்தார். சனிக்கிழமை மதியம் வேலை முடிந்து சாப்பிடாமல் வந்து, ஒவ்வொரு குரலாகப் பாடினார். நான் அசை அசையாகத் தட்டினேன். அவர் மூச்சு வாங்கிய இடங்களில் காற்புள்ளி வைத்தேன். அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டின் மூன்றாவது வரியில் சட்டென்று நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார்.

"மாஸ்டர்கிட்ட நான் சொல்ல மாட்டேன் தம்பி. பயப்படாம அடி."

கைப்பழக்கத்தில் அங்கேயும் ஒரு காற்புள்ளி விழுந்துவிட்டது. ஞாயிறன்று மாஸ்டர் அதைச் சுட்டிக்காட்டி, இது எதற்கு என்றார். நான் வாய் திறக்கும் முன் அக்கா சொன்னார்: "இருக்கட்டும் மாஸ்டர், எனக்கு அங்க மூச்சு வேணும்."

அதன்பின் மூன்று மென்பொருள் மாறிவிட்டோம். இப்போதெல்லாம் முதலில் சொற்களைத்தான் பார்க்கிறேன். அக்கா ஆனேக்கலில் மகள் வீட்டில் இருக்கிறார், பாடுவதில்லை. போன கிறிஸ்துமஸில், அவரைப் பார்த்தேயிராத பிள்ளைகள் எல்லாரும் மூன்றாவது வரியில் ஒருசேர நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். பின்வரிசையில் நின்ற நானும் வாங்கினேன்.