முழங்கையில் ஒட்டுப்போட்ட பச்சைக் கோட்டு

மூட்டை பிரிக்கும் நாளில் மாத்தக்காவோடு மல்லுக்கு நின்று முழுசாக வீடு திரும்பியவர்கள் குறைவு. பழைய துணிச் சந்தையில் லாரி வந்து மூட்டைகளைத் தார்ப்பாய்மேல் கொட்டியதும், யார் கை எதன்மேல் விழுகிறதோ அது அவருக்கு. விழுந்த பிறகும் விடாமல் இழுப்பவர்கள் உண்டு. அங்கேதான் நகம், பல், முழங்கை எல்லாம் வேலைக்கு வரும். மாத்தக்காவின் முன்பல் ஒன்று அப்படித்தான் போனது. பெயர்த்தவள் எதிர்க்கடைக்காரி, அவளுடைய சொந்த ஓரகத்தி, புருஷனின் அண்ணன் பெண்டாட்டி. பதிலுக்கு இவள் கடித்ததில் ஓரகத்தியின் கட்டைவிரல் நகம் இன்றுவரை கோணல்தான். குடும்பம் பிரிந்தபோது ஒரு தையல் மெஷினுக்காகத் தொடங்கிய சண்டை. மெஷின் துருப்பிடித்துக் குப்பைக்குப் போன பிறகும் சண்டை மட்டும் புதுக்கருக்கு அழியாமல் இருந்தது.

மாத்தக்கா என்பது பட்டப்பெயர். பழசைக் கொண்டுவந்து கொடுத்தால் வேறு பழசாக மாற்றிக் கொடுப்பாள். துவைத்து, கிழிசல் தைத்து, பொத்தான் வைத்த துணியைத் தானே ஒருநாள் போட்டுப் பார்க்காமல் விற்றதில்லை. உடம்பில் கிடந்தால்தான் அக்குள் பிடிக்கிறதா, தையல் நிற்கிறதா என்று தெரியுமாம். அதனால் தினமும் ஒரு தினுசாக வருவாள். பொறாமைப்படுகிறவர்களிடம், "எனக்கென்னம்மா, இந்தக் கடையேதான் என் பீரோ" என்பாள்.

சந்தைக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இந்த ஊர்க்காரர் கொடுத்த துணியை இந்த ஊரில் விற்கவோ போட்டுக்கொள்ளவோ கூடாது. வெளியூர் வியாபாரியிடம் கொடுத்து, அவன் ஊர்த் துணியை வாங்கிக்கொள்ள வேண்டும். தான் கழித்த சட்டையோடு அடுத்த வீட்டுக்காரி வந்து நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? மாத்தக்கா அதை மீறியதே இல்லை, அந்தக் குளிர்காலக் காலை வரை.

அன்று மூட்டைச் சண்டை முடிந்து, காதோரத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு பெண் வந்தாள். ஒரு கண் வீங்கி மூடிக் கிடந்தது. உதடு பிளந்திருந்தது. போட்டிருந்த பச்சைக் கோட்டைக் கழற்றி நீட்டினாள்.

"என்னை அடையாளம் தெரியாத மாதிரி எதாவது குடுக்கா. மத்தியான பஸ்ல ஏறிட்டேன்னா பொழச்சுப்பேன். அதுக்குள்ள அந்தாளு கண்ணுல பட்டா கொன்னே போட்டுடுவான்."

மாத்தக்கா துணிக் கம்பிப் பக்கம் திரும்பினாள். கிழவர்கள் போடுகிற சாம்பல் கோட்டு, தொளதொள கால்சட்டை, காதுவரை இழுத்துவிடும் குல்லா எல்லாம் எடுத்துக் கொடுத்தாள். "குனிஞ்சு நட. இருமிக்கிட்டே போ. ஒருத்தனும் ஏறெடுத்துப் பாக்கமாட்டான்" என்றாள். சந்தைக்குப் பின்னாலிருந்த பஸ் நிலையத்துக்கு ஒரு கிழவர் இருமிக்கொண்டே போனார். எதிர்க்கடையிலிருந்து ஓரகத்தி அத்தனையையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சைக் கோட்டை அப்போதே கட்டி உள்ளே போட்டிருக்க வேண்டும். ஆனால் கோட்டின் உள்பக்கம் கனத்த கம்பளி. முழங்கையில் கறுப்புத் துணியால் அழகாக ஒட்டுப் போட்டிருந்தது. குளிரோ தாங்கவில்லை. கை தன் பழக்கத்தில் அதை எடுத்து மாட்டிக்கொண்டது. அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

பின்மண்டையில் விழுந்த முதல் அடி எங்கிருந்து வந்தது என்றே அவளுக்குத் தெரியவில்லை. துணி மாட்டிய கம்பிகளோடு சேர்ந்து குப்புற விழுந்தாள். அடுத்த உதை விலாவில்.

"ஓடியா போற? இப்ப ஓடுடி பாப்போம்!"

தலைமுடியைப் பிடித்துத் திருப்பியவன், முகத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்தான். டயர் கடைக்காரன், விரலெல்லாம் கரி. மனுஷனாக இருந்தால் கையை எடுத்திருப்பான். இவன் கழுத்தைப் பிடித்தான்.

"என் பொண்டாட்டி கோட்டு உனக்கு எப்படி வந்துச்சு? மாத்திக் குடுத்தியா? அவ எதைப் போட்டுக்கிட்டுப் போனா, சொல்லு!"

அப்போதுதான் மாத்தக்காவுக்கு உறைத்தது. தானே காட்டிக்கொடுத்துவிட்டாள். பஸ் இன்னும் கிளம்பவில்லை.

"சிவப்புச் சட்டை" என்றாள். கண்ணெதிரே தொங்கியது அதுதான். துணி விஷயத்தில் பொய் சொல்லிப் பழகாத வாய்க்கு வேறு எதுவும் வரவில்லை. அவனும் நிமிர்ந்து பார்த்தான்.

"இதையா?"

துணி இறக்குகிற கொக்கிக்கோலை எடுத்து அவள் இடது கையில் ஓங்கிப் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் அடுத்த கடைவரை கேட்டது. அவள் அவன் கணுக்காலைக் கவ்விக் கடித்தாள், மிச்சமிருந்த பல் அத்தனையும் சேர்த்து. அவன் மற்றக் காலால் முதுகில் மிதித்தான். கடித்த வாயை அவள் எடுக்கவில்லை. எடுத்தால் உண்மையைச் சொல்லிவிடுவோமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

உதறிவிட்டு அவன் எதிர்க்கடைப் பக்கம் திரும்பினான். "ஏய், நீ பாத்தியா?"

ஓரகத்தியின் கன்னத்தில் காலையில் இவள் கீறிய நகக்கீறல்கூட இன்னும் காயவில்லை. எல்லாம் போச்சு, இதற்காகவே காத்துக் கிடந்தவள் சொல்லிவிடுவாள் என்று மாத்தக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

"பாக்காம என்ன? இந்தச் சிறுக்கி வாய்ல என்னைக்கு உண்மை வந்திருக்கு, கையை ஒடச்சது போதாது! ஊதாப் பாவாடை, வெள்ளைச் சால்வை. ரயில் நிலையத்துப் பக்கம் போனா. ஓடு, புடிச்சுடலாம்."

குரலில் அத்தனை வெறுப்பு. நடிப்பில்லாத, பல வருஷத்து வெறுப்பு. அதை நம்பித்தான் அவன் நொண்டிக்கொண்டு ஓடினான்.

ஏமாந்து அவன் திரும்பி வந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. சந்தை முழுக்க எல்லார் கையிலும் கொக்கிக்கோல் இருந்தது. முதல் அடி ஓரகத்தியுடையது, முழங்காலில். அதற்குப் பிறகு யார் அடி எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கோல்கள் முறிந்தன, அவன் பல் சிதறியது, கும்பிட்டுக் கெஞ்சினான். பாவம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாத்தக்காவுக்கு ஒரே ஒரு குறை. ஒடிந்த கையோடு ஓர் உதைதான் கொடுக்க முடிந்தது.

கையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்தவள் எதிர்க்கடை முன்னால் போய் நின்றாள்.

"அக்கா..."

"போடி அந்தப் பக்கம். உனக்காக ஒண்ணும் பண்ணல. அறிவுகெட்டவளே, முதல்ல அந்தக் கோட்டை ஊரை விட்டு அனுப்பு."

ரத்தக்கறை போகத் துவைத்து, கோட்டின் கிழிந்த கையைத் தைத்து, மாத்தக்கா அதை வெளியூர் வியாபாரியிடம் கொடுத்தாள்.

அடுத்த மூட்டை நாளில் கட்டுப்போட்ட கையோடு அவள் வந்தபோது யாரும் ஒதுங்கி வழிவிடவில்லை. நீலக் கம்பளிச் சட்டை ஒன்றின்மேல் இரண்டு கைகள் ஒன்றாக விழுந்தன. ஓரகத்தி முறைத்தாள். காறித் துப்பினாள். மாத்தக்காவின் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துத் தார்ப்பாய்மேல் சாய்த்தாள். ஒடிந்த கை அடியில் சிக்காமல், மறுபக்கமாகப் பார்த்துச் சாய்த்தாள். மாத்தக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே அவளைக் கடித்தாள்.