நான் பாடாமல் விட்ட இசை

மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆட வேண்டிய பாட்டை ஆசிரியை போனில் அனுப்பியிருந்தார். முதல் வரி கேட்டதுமே வாயில் உப்புக் கரித்தது. வேறு பாட்டுத் தர முடியுமா என்று தட்டச்சு செய்து, அனுப்பாமல் அழித்தேன். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது வெறும் பாட்டுதானே.

எனக்கு அது அளவுகோல். தூத்துக்குடிக்குத் தெற்கே எங்கள் கடற்கரைக் கிராமத்தில் கடிகாரம் கட்டிய பிள்ளைகள் இல்லை. அண்ணன் ஜெனிட்டனும் அவன் கூட்டாளி சூசையும் இடுப்பளவுத் தண்ணீரில் ஒவ்வொருவராக முங்குவார்கள். நான் கரையில் கவிழ்த்துப்போட்ட வல்லப் படகின் மேல் உட்கார்ந்து, டீக்கடையில் கேட்டுப் பழகிய அந்தப் பாட்டைப் பாடுவேன். தலை வெளியே வரும்போது எந்த வரியில் இருக்கிறேனோ, அதுதான் அவன் தம். என் குரலைக் கேட்க முடியாமல்தான் இவ்வளவு நேரம் முங்குகிறோம் என்பார்கள்.

பாட்டின் நடுவே நீளமாக வாத்திய இசை வரும். சூசை முங்கினால் அதைத் தபேலாவோடு வாயாலேயே முழுதாக வாசிப்பேன். அண்ணன் முங்கினால் விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடுவேன்.

"ஏலே, ஒன் தங்கச்சி ஒனக்கு மட்டும் எக்ஸ்பிரஸ் விடுதா" என்பான் சூசை.

"போலே, தம் இல்லாதவன் பேசுத பேச்சு." அண்ணன் என் பக்கம் திரும்புவான். "ஏளா, ஒழுங்காத்தான பாடுன?"

"மாதா மேல சத்தியமா."

அவன் முகத்தில் வரும் சிரிப்புக்காக எத்தனை பொய்ச் சத்தியமும் செய்திருப்பேன். எனக்கு எட்டு வயது.

இருபது வயதில் அண்ணன் சூசையோடு சங்கு குளிக்கப் போனான். படகிலிருக்கும் கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியே காற்று வரும். அதை வாயில் கடித்துக்கொண்டு கடலடியில் சங்கு பொறுக்க வேண்டும். ஒருநாள் கம்ப்ரசர் நின்றுபோனது. இருவரும் மேலே வந்துவிட்டார்கள். அண்ணனின் பை, சங்குகளோடு அடியிலேயே கிடந்தது.

மீதியைச் சூசை எங்கள் வீட்டுத் தரையைப் பார்த்தபடியே சொன்னான்.

"வேண்டாம்லேன்னேன். 'முழுப்பாட்டுக்கும் தம் கட்டுனவன்லே நான்'னு சிரிச்சிட்டே கொழாய் இல்லாமலே பைய எடுக்க முங்குனான்."

அம்மா என் தோளில் விழுந்து அழுதாள். நான் வாய் திறக்கவில்லை, இன்றுவரை. நீரோட்டம், ஆழம், இருபது வயது, காரணம் எதுவாகவும் இருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். ஆனாலும் என் வீட்டுக் குளியலறையில் தண்ணீர் டிரம் வைக்க விட்டதில்லை.

பாட்டை ஓடவிட்டேன். மகள் ஆடினாள். வாத்திய இசை தொடங்கியதும் கையை இறக்கிவிட்டாள்.

"இந்த எடத்துக்கு மிஸ் ஒண்ணும் சொல்லித் தரலம்மா. தள்ளி விடுங்க."

"வேண்டாம். முழுசா ஓடட்டும்."

ஓடியது. அடுத்த வரி வருவதற்கு வெகு முன்பே என் மூச்சு வெடித்து வெளியே வந்தது. அதுவரை நான் தம் கட்டியிருந்ததே அப்போதுதான் தெரிந்தது.

அந்தக் கரையில் இப்போது பாறாங்கல் கொட்டியிருக்கிறார்கள்; வல்லம் கவிழ்க்க மணல் இல்லை. சூசை மஸ்கட் போய் வருடங்களாகிவிட்டன. ஒழுங்காகத்தானே பாடினாய் என்று கேட்டவனும் இல்லை.

இல்லண்ணே. ஒழுங்காப் பாடல.