என்னைத் திட்டவாவது அம்மாவைக் கொடு

கோவிந்தனை நம்பும் சொந்தங்களே, இதைச் சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. போன புரட்டாசியில் திருமலையில் என் அம்மாவைத் தொலைத்தேன். கூட்டத்தில் கை நழுவிப் போகவில்லை. நானே விட்டுவிட்டுப் போனேன்.

எங்கள் ஊர் சத்தியவேடு பக்கம். நைனா இறந்தபோது நான் சின்னப் பிள்ளை. அம்மா கூலிக்குக் களையெடுத்துப் படிக்க வைத்தாள். ரொம்பக் கண்டிப்பு. அடுத்தவர் கொல்லையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை பிடுங்கியதற்கு, ஊர் பார்க்க இழுத்துப் போய் மன்னிப்புக் கேட்க வைத்தாள். இப்போது நான் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். அவளுக்கு இன்னும் அந்தப் பிள்ளைதான்.

அன்று கம்பெனி நண்பர்களும் கூட வந்திருந்தார்கள். தரிசனம் முடிந்து லட்டு வாங்கப் போனோம். நீண்ட வரிசை. நைசாக நடுவில் புகுந்தேன். அம்மா என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள்.

"இன்னாடா இது? நிக்கிறவங்கல்லாம் மனுஷங்க இல்லையா? பின்னால போய் நில்லு."

நண்பர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"உன்னால மானமே போச்சு. இனிமே எங்கூட எங்கயும் வராத!"

அவளை அங்கேயே விட்டு, அவர்களோடு டீ குடிக்கப் போனேன்.

மழை பிடித்துக்கொண்டது. பையைத் திறந்தேன். அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் பிஸ்கெட்டும் என்னிடமே இருந்தன. அவள் செல்போன் ரூமில். காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் மயங்கி விழுவாள்.

இந்த மழையில் வெட்டவெளியில் யார் நிற்பார்கள் என்று லட்டு கவுண்டர் பக்கமே நான் போகவில்லை. மண்டபங்கள், அன்னதானக் கூடம், பஸ் ஸ்டாண்ட் என்று ஓடினேன். எங்கும் இல்லை. ஒரு போலீஸ்காரரிடம் சொன்னேன். அம்மா என்ன கலர் புடவை கட்டியிருந்தாள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து நான் அவளைச் சரியாகப் பார்க்கவேயில்லை.

கோபுரத்தைப் பார்த்து நின்று அழுதேன். "கோவிந்தா, என்னைத் திட்டவாவது அம்மாவைக் கொடு."

அப்போது பக்கத்தில் ஒரு பெண் தன் மகளை உலுக்கினாள். "கைய வுட்டா எங்கயும் ஓடாத, அங்கயே நில்லுன்னு சொன்னேன் இல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மாவும் இதையேதான் சொல்வாள். சின்ன வயதில் சந்தையில் நான் தொலைந்து கிடைத்தபோது முதுகில் நாலு வைத்து, கட்டிக்கொண்டு சொன்னாள்: "நின்ன எடத்த வுட்டு நவுராத. அம்மா வந்துருவேன்."

லட்டு கவுண்டருக்கு ஓடினேன். நான் விட்டுப் போன இடத்திலேயே, ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பச்சைப் புடவை. சொட்டச் சொட்ட நனைந்து, கை கால் நடுங்கிக்கொண்டிருந்தது. பிஸ்கெட்டை வாயில் ஊட்டினேன். கொஞ்சம் தெளிந்ததும் என் முகத்தைப் பார்த்தாள்.

"எம்மேல கோவம் போச்சாடா?"

அவள் கேட்டது அவ்வளவுதான். அத்தனை பேர் நடுவில் அவள் காலில் விழுந்தேன். அடி வாங்கியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது.

மறுநாள் கம்பெனியில் நண்பர்களிடம், "எங்கம்மா செஞ்சதுதான் சரி" என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. இப்போதும் அம்மா திட்டுகிறாள். முழுசாகக் கேட்கிறேன். கேட்கக் கொடுத்து வைத்திருக்கிறேன்.

கேட்கவே வாய் கூசும் நிலையில் கேட்ட எனக்கே ஏழுமலையான் இரங்கினான். உங்களுக்கும் இரங்குவான், நம்பிக் கேளுங்கள். வீட்டில் உங்களைத் திட்ட அம்மா இருந்தால், இன்று ஒருமுறை அவள் முகத்தை நன்றாகப் பாருங்கள்.